யார் ஜாடையும் இல்லாத பெண்

குழு அட்மின் என்பது சம்பளம் கிடையாத, ராஜினாமாவை யாரும் ஏற்றுக்கொள்ளாத, திட்டு வாங்குவதற்கென்றே ஏற்பட்ட ஓர் உத்தியோகம். குடும்பக் குழு, அடுக்ககக் குழு, பத்தாம் வகுப்பு பி பிரிவுக் குழு என்று எதற்காவது அட்மினாக இருந்து அவதிப்படுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை வணக்கப் பூங்கொத்தை நீக்கினால் ஒருவருக்குக் கோபம், நீக்காவிட்டால் இன்னொருவருக்கு. நம் இனத்துக்குச் சங்கம் கிடையாது. வைத்தால் அதற்கும் ஒரு குழு வேண்டும், அதற்கும் ஓர் அட்மின் வேண்டும்.

பகலில் நான் குவைத்தில் ஒரு கட்டுமான கம்பெனியில் டாக்குமென்ட் கண்ட்ரோலர். யாரோ வரைந்த வரைபடத்தில் யாரோ செய்த திருத்தத்துக்கு எண் போடுகிறவன். மற்ற நேரத்தில், எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் வளைகுடா ரசிகர் குழுவுக்கு அட்மின். கல்லூரியின் பெயர் வேண்டாம், மதுரைக்கு மேற்கே என்பது போதும். எங்கள் ஊர் ஜெயித்து யாராவது பார்த்திருந்தால் அது இந்தப் பெண்கள் ஆடித்தான். அந்த கேலரியில் உட்கார்ந்து கத்தியவர்கள் ஃபஹாஹீலில் கடைக்காரராகவும், தம்மாமில் டிரைவராகவும், ஷார்ஜாவில் கணக்கராகவும் ஆன பிறகும் பேசுவது இரண்டு விஷயம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இந்த வருஷம் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள்? அவர்கள் பழைய ஆட்டக்காரிகளைப் போல வருவார்களா? ஜெயித்தோமா தோற்றோமா என்பது மூன்றாவது விஷயம், நேரம் இருந்தால்.

ராவுத்தர் அண்ணனின் கண்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அணித் தேர்வு முடிந்து புதுப் பெண்களின் படங்களைக் கல்லூரி வெளியிட்டதும் அவர்களுக்கு ஜாடை சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கு அப்பாவுக்கு, நெற்றி அத்தைக்கு என்று பங்கு பிரிப்பார்களே, அதே வேலைதான். புதுப் பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் பழைய ஆட்டக்காரி ஒருத்தியின் படத்தை ஒட்டி, "இவ அவதான்" என்று ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் வரிசையாக "ஆமா" போடுவார்கள். அதோடு அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் எங்கள் குழுவில் செத்துப்போகும்.

இதில் ராவுத்தர் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. ஃபஹாஹீலில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். தயிர் டப்பாவுக்கும் சிகரெட்டுக்கும் நடுவே செல்போனைச் சாய்த்து வைத்து, பயிற்சி ஆட்டத்தைக்கூட விடாமல் பார்ப்பார். நான் ஒருமுறை, சாயல் என்பது முகத்தில் நிற்பது, ஜாடை என்பது நடையிலும் கையசைவிலும் வருவது, இரண்டையும் குழப்பக் கூடாது என்று நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். குழுவில் யாரும் அதைப் படித்ததற்கான அறிகுறி இல்லை. ராவுத்தர் அண்ணன் மட்டும் பதில் போட்டார்: "தம்பி, அந்த வித்தியாசமெல்லாம் நீங்க வெச்சுக்கோங்க. பொண்ணு மைதானத்துக்குள்ள நாலு எட்டு எடுத்து வைக்கட்டும், யாரு திரும்பி வந்திருக்காங்கன்னு நான் சொல்லிடுறேன்."

வடக்கு வளையத்தின் கீழே

எங்கள் கல்லூரியில் ஆடியவர்களில் பெரியவள் ஜெசிந்தா. இடது கைக்காரி. முதுகைக் கூடைக்குக் காட்டி நின்று, திரும்பாமலே தலைக்கு மேலாகப் பந்தை அனுப்புவாள். இரண்டாம் ஆண்டு அரையிறுதியில் வடக்கு வளையத்தின் கீழே எம்பி இறங்கியபோது இடது முட்டி போயிற்று. அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை.

சில வருஷம் முன்பு சுபா என்று ஒரு பெண் சேர்ந்தாள். அவளும் இடது கை. ராவுத்தர் அண்ணன் "ஜெசிந்தா" என்றார். நாங்கள் ஆமா போட்டோம். சுபாவும் இரண்டாம் ஆண்டில் அரையிறுதி ஆடினாள். கல்லூரியின் நேரலை கேமரா கேலரியின் மேல்படியில் ஒரே கோணத்தில் நிற்கும், ஒலி மட்டும் துல்லியமாக வரும். அவள் வடக்கு வளையத்தின் கீழே எம்புவதைப் பார்த்தோம். இறங்கியதைப் பார்ப்பதற்கு முன் முட்டி போன சத்தத்தைக் கேட்டுவிட்டோம். அவளுக்கும் இடது முட்டி.

கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு முட்டித் தசைநார் கிழிவது சகஜம், இடுப்பெலும்பின் அகலம் ஒரு காரணம் என்று நான் ஒரு கட்டுரையே எழுதிப் போட்டேன். அடுத்து, பரிமளா ஜாடை என்று பெயர் வாங்கிய தீபாவை, பரிமளாவைப் போலவே மூன்றாம் ஆண்டின் நடுவில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆவது அமானுஷ்ய நிகழ்ச்சி அல்ல என்று அதற்கும் எழுதினேன். தம்மாமில் டிரைவராக இருக்கும் உறுப்பினர் ஒருவர் பணிவாகக் கேட்டார்: "சார், கல்யாணம் ஆகுறது சரி. ரெண்டு மாப்பிள்ளைக்கும் ஒரே பேரு, ஒரே ஊரு. அதுக்கும் காரணம் எழுதிடுங்க, ரூம்ல எல்லாரும் பதிலுக்கு உக்காந்திருக்கோம்."

வனஜா

இந்த மூடத்தனத்தை ஒரு பரிசோதனையால் முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வருஷப் படங்களில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். ராவுத்தர் அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "இவ நம்ம வனஜாவேதான்" என்று எழுதினேன். எங்கள் கல்லூரியில் வனஜா என்று எவளும் ஆடியதில்லை. அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியவள். யார் வனஜா என்று ஒருவன் கேட்டால் போதும், ஜாடை சொல்வதன் லட்சணத்தை வெளுத்து வாங்கலாம் என்று விரல்களைத் தயாராக வைத்திருந்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை. "ஆமா, அதே கண்ணாடி" என்றார் ஒருவர். வனஜா கண்ணாடியை ரப்பர் பேண்டால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுவாள் என்று தோஹாவிலிருந்து ஓர் எலெக்ட்ரீஷியன் நினைவு கூர்ந்தார். கடைசி விநாடியில் பாதி மைதானத்திலிருந்து அவள் போட்ட பந்தை ஷார்ஜாக் கணக்கர் வருணித்தார். ராவுத்தர் அண்ணன் கொஞ்சம் தாமதித்து, வனஜாவின் அண்ணன் தன்னோடு படித்தவன் என்றார். அப்பாசியாவில் என் வீட்டு சோபாவில் உருண்டு சிரித்தேன்.

கல்லூரி திறந்து அணியின் படம் வந்தது. கண்ணாடிப் பெண் அதில் இல்லை. பழைய படத்தைத் தேடினால் கல்லூரியின் பக்கத்திலும் அது இல்லை. கடைசி நேரத்தில் வேறு கல்லூரிக்குப் போகிற பெண்கள் எல்லா வருஷமும் உண்டு, போனவர்களின் படத்தை எடுத்துவிடுவதும் இயல்புதான். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கோச் மேடத்துக்குப் போன் செய்தேன். அந்தக் காலத்திலிருந்து அணியைப் பழக்குகிறவர், தேர்வுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் உயரத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி போட்ட பொண்ணா? அப்படி யாரும் தேர்வுக்கே வரலியே சார்."

செல்வம் வந்த காரணம்

எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி மேலே செல்வம் குடியிருக்கிறார். வொர்க்‌ஷாப் ஃபோர்மேன், எங்கள் ஊர்க்காரர். மனைவி நர்ஸ். குழுவில் அவர் வாய் திறக்காத உறுப்பினர், எல்லாவற்றையும் படிப்பார், ஆமாகூடப் போட மாட்டார். அவர் மகள் இனியா இங்கேயே இந்தியப் பள்ளியில் படித்தவள். பள்ளி முடிந்ததும் தார் போட்ட மைதானத்தில் தனியாக நின்று பந்து போடுவாள். ஆம்பளைப் பையன்கள் மைதானம் வேண்டுமென்று வந்தால், "ஃபைவ் ஷாட்ஸ். ஜெயிச்சா எடுத்துக்கோங்க" என்பாள். அவர்கள் எடுத்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. பொறியியல், மருத்துவம் எதுவும் வேண்டாம், நம்ம ஊர்க் கல்லூரியில் பந்தாட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, விடுமுறையில் போய்த் தேர்வில் கலந்துகொண்டு இடமும் வாங்கிவிட்டாள்.

வாழ்த்துச் சொல்லலாம் என்று நான் எழுந்தபோது செல்வமே கீழே இறங்கி வந்துவிட்டார். காபியைத் தொடவில்லை.

"சார், இனியாவுக்கு யாரும் ஜாடை சொல்லிடக் கூடாது."

"செல்வம், நீங்க மெஷின் வேலை பார்க்கிற ஆளு. இதையெல்லாம் நம்புறீங்களா?"

"நான் நம்பலை சார். நீங்களும் நம்ப வேண்டாம். ஆனா அட்மின் நீங்கதானே, மெசேஜ் வந்தா தூக்கிடுங்க."

வனஜா விஷயத்தை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அன்றைக்கே குழுவைப் பூட்டி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினேன். சகபாவிகளே, அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என்னைச் சேர்க்காமல் ஒரு புதுக் குழு தொடங்கிவிட்டார்கள். அங்கே ராவுத்தர் அண்ணன் இனியா நடக்கும் வீடியோ யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. இதைச் செல்வத்திடம் சொன்னேன். அவர் சொன்னார்: "சும்மா விட்டா எவனாவது ஒரு பேரை ஒட்டிடுவான் சார். நாமளே ஒரு நல்ல வாழ்க்கையாத் தேடி ஒட்டிடுவோம்."

நல்லா இருக்கிற ஒருத்தி

ஒரு வாரம் நாங்கள் இருவரும் பழைய ஆட்டக்காரிகளுக்குப் போன் செய்தோம். ரசிகர் குழுவிலிருந்து பேசுகிறோம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது எங்கள் உத்தி. ஜெசிந்தா படியேறுவதற்குப் பயந்து கீழ்த்தளத்து வீடாகப் பார்த்து மாறிக்கொண்டே இருந்தாள். ஒருத்திக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைத்திருந்தது, தோளைத்தான் தூக்க முடியவில்லை. இன்னொருத்தியின் மாமியார், அவள் பந்தாடியவள் என்பதே தங்களுக்குத் தெரியாது என்றார், அதன் பிறகு போனில் யார் யாரோ உரக்கப் பேசும் சத்தம் கேட்டது. நாங்கள் அவசரமாக வைத்துவிட்டோம். பரிமளாவின் எண்ணுக்கு அடித்தபோது எடுத்த குரல் எனக்குக் கேலரியிலிருந்தே பழக்கமான குரல். "பரிமளாங்களா?" என்றதும், "ராங் நம்பர்" என்றது. துண்டிக்காமல் நாங்கள் வைக்கும்வரை காத்திருந்தது.

"ஒருத்திகூடவா சார் நல்லா இல்லை?" என்றார் செல்வம்.

கடைசியில் ஒரு பழைய அணிப் படத்தின் ஓரத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். சட்டகம் பாதி முகத்தை வெட்டியிருந்தது. அதே ஆண்டுகளின் மற்றப் படங்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஓரத்தில் அதே பாதி முகம். பெயர் கோமதி. மூன்று வருஷமும் அணியில் இருந்திருக்கிறாள், ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. குழுவில் ஒருவருக்கும் அவளை நினைவில்லை. இல்லாத வனஜாவை அத்தனை பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள், இருந்த கோமதியை யாரும் பார்க்கவில்லை. ஷார்ஜாவில் முவைலாவில் இருக்கிறாள் என்று தெரிந்து பேசினோம். பள்ளிச் சீருடை விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறாள், நல்ல கணவன், இரண்டு பிள்ளைகள், முட்டி, தோள், இடுப்பு எல்லாம் சரியாக இருக்கின்றன.

செல்வத்தின் முகத்தில் ரத்தம் ஊறியதை அன்றுதான் பார்த்தேன். குழுவைத் திறந்து, இனியாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாதி முகத்தை ஒட்டினேன். செல்வம் முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சியிருந்தார், அதனால் ஆமாக்கள் விழுந்தன. கடைசியாக ராவுத்தர் அண்ணன் எழுதினார்: "இந்தப் பொண்ணை நான் பார்த்ததே இல்லை. பெத்தவன் கேக்குறான், அதனால ஆமா."

படத்தின் ஓரம்

இனியா விடுதியில் சேர்ந்தாள். பயிற்சியில் அவளைத் தடுக்க ஆள் இல்லை என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. இங்கே மதியச் சாப்பாடு முடிகிற நேரம் அங்கே ஆட்டம் தொடங்கும். செல்வம் வீட்டு டிவியில் நேரலையை ஏற்றிப் பார்ப்போம். முதல் ஆட்டத்தில் இனியா பெஞ்சில் இருந்தாள். புதுப் பெண்தானே என்றோம். இரண்டாவது ஆட்டத்திலும் பெஞ்ச். மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு பேர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறினார்கள், ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. பெஞ்சில் இனியா ஒருத்திதான் மிச்சம். அவளை இறக்காமல் நான்கு பேரோடு ஆடித் தோற்றார்கள்.

குழுவில் கோச் மேடத்தைத் திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அன்று கல்லூரி வெளியிட்ட அணிப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனியா வலது ஓரத்தில் நின்றாள். சட்டகம் அவள் முகத்தில் பாதியை வெட்டியிருந்தது.

போன் செய்து, ஏன் மேடம் அந்தப் பெண்ணை இறக்கவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தணிந்துதான் வந்தது, தனக்கே புரியாத ஒன்றைச் சொல்கிறவர் போல: "பிராக்டீஸ்ல அவதான் சார் பெஸ்ட். மேட்ச் அன்னிக்கு அப்படி ஒரு பொண்ணு இருக்கிறதே எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது."

முவைலா

கம்பெனி வேலையாக இரண்டு நாள் துபாய் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை மாலை டாக்சி பிடித்து முவைலாவுக்குப் போனேன். கீழே சலூன், பிரியாணிக் கடை, மேலே வீடுகள். கோமதி சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். ஏலக்காய் டீ வந்தது. இனியாவைப் பற்றியோ ஜாடையைப் பற்றியோ நான் பேச்செடுக்கவில்லை. பொதுவாகப் பழைய நாட்களைப் பற்றிக் கேட்டேன். எந்த ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி என்று எனக்கே தெரியாததையெல்லாம் சொன்னாள். மிக அருகிலிருந்து பார்த்தவள் அல்லவா.

பேசிக்கொண்டே இருந்தபோதுதான் கவனித்தேன். அவள் சோபாவில் சாய்ந்து உட்காரவில்லை. நுனியில் இருந்தாள். இரண்டு குதிகாலும் தரையைத் தொடாமல் எழும்பியிருந்தன. தோளில் ஒரு துண்டு. டீயை நான் குடித்து முடித்து, அவள் கணவர் துபாய் வாடகையைப் பற்றிப் பேசி முடித்து, பிள்ளைகள் வந்து மாமாவுக்குப் பாட்டுப் பாடிவிட்டுப் போன பிறகும் அந்தக் குதிகால்கள் இறங்கவில்லை. யாராவது தலையைத் திருப்பினால் அவள் கண் சட்டென்று அந்தத் திசைக்குப் போய் வந்தது.

நான் பார்ப்பதைக் கணவர் பார்த்துவிட்டார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான் சார், சாப்பிடும்போதுகூட. சாஞ்சு உக்காரும்மான்னா கேக்க மாட்டா" என்று சிரித்தார். கோமதியும் சிரித்தாள். துண்டைச் சரிசெய்தபடி, கேட்கவே தேவையில்லாத ஒன்றைக் கேட்டுவிட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "மேடம் திரும்பிப் பார்க்கும்போது நான் ரெடியா இருக்கணும்ல."

இனியா கேட்டது

திரும்பி வந்து நான் கண்டதைச் செல்வத்திடம் சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அவர் மனைவி டூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் நின்று கேட்டுவிட்டு, "முட்டி உடைஞ்ச பொண்ணுங்களை நான் தினம் பார்க்கிறேன், நடக்க வெச்சு அனுப்புறோம். இதை எங்க கொண்டுபோய்க் காட்டுறது?" என்றார். மகள் பத்திரமாக இருக்கிறாள் என்பதைச் செல்வத்தால் கையிலிருந்து விட முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டல இறுதி ஆட்டம். காலையில் இனியா போன் செய்தாள். வெளியே புழுதிக் காற்று, ஜன்னல் முழுக்கச் செம்மண் நிறம், எதிர்க் கட்டடம் தெரியவில்லை. செல்வம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, டிரெய்னிங் முடிஞ்சு எல்லாரும் பஸ்ல ஏறிட்டாங்க. நான் ஏறாமலே கிளம்பிட்டாங்கப்பா. பின்னாடியே ஓடினேன்."

செல்வம் என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஜாடை, ஜெசிந்தா, கோமதி எல்லாவற்றையும். அவள் முதலில் சிரித்தாள். "ஆர் யூ சீரியஸ்?" என்றாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"என்னைக் கேக்காம ஏன்பா பண்ணீங்க?"

"உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதாம்மா."

"ஒண்ணுமே ஆகலியேப்பா. அதான் ப்ராப்ளம்." பிறகு, கடையில் சாமான் சொல்கிறவள்போல நிதானமாகச் சொன்னாள்: "முட்டிக்கு ஆபரேஷன் இருக்குப்பா, பெஞ்சுக்கு என்ன இருக்கு? யாரு பேரை வேணா போடுங்க, உள்ள போய் ஆடின ஆளா இருந்தா போதும்."

வெள்ளிக்கிழமை

ஆட்டம் தொடங்கி முதல் பாதி முடிந்தது. எங்கள் அணி பின்தங்கியிருந்தது. கேமராவின் ஓரத்தில் பெஞ்ச் பாதி தெரியும். இனியாவின் ஒரு தோளும், அதில் ஒரு துண்டும், தரையைத் தொடாத ஒரு குதிகாலும் தெரிந்தன. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் கால் நீட்டிச் சாய்ந்து கிடப்பவள் அவள்.

செல்வம் என்னிடம், "குழுவுல நானே கேக்குறேன் சார்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய முதல் செய்தியை நானே அருகில் இருந்து பார்த்தேன். என் மகள் யார் ஜாடை என்று சொல்லுங்கள், இறங்கி ஆடிய யாராக இருந்தாலும் சரி என்று எழுதினார். எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று அடையாளம் வந்தது. யாரும் எழுதவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் நெஞ்சில் இருந்தது, அந்தப் பெயருக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்திருந்தது. யார் அதை ஒரு பெண் பிள்ளைமேல் எடுத்து வைப்பது?

ராவுத்தர் அண்ணன்தான் தொடங்கினார். ஒரு பெயர் போட்டார். நிறுத்தாமல் அடுத்ததையும் போட்டார். அப்புறம் தம்மாம், தோஹா, ஷார்ஜா என்று எல்லாப் பக்கமிருந்தும் பெயர்கள் வந்தன. நான் மறந்தே போன பெயர்கள், முதல் அணியிலிருந்து போன வருஷம்வரை ஆடிய பெண்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகத் திரையில் ஏறினார்கள். ஜெசிந்தா பல முறை வந்தாள். ஒருவரும் ஆமா போடவில்லை, அதற்கு அவகாசமும் இல்லை. செல்போன் என் கையில் வண்டுபோல நடுங்கிக்கொண்டே இருந்தது.

டிவியில் கோச் மேடம் தலையைத் திருப்பினார், பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. பெஞ்சைப் பார்த்தார். வாயில் கை வைத்துக்கொண்டார். இனியா துண்டை உதறிவிட்டு எழுந்தாள்.

அவள் ஆடியதைப் பற்றி இன்றும் குழுவில் ஒத்த கருத்து இல்லை. பந்தைத் தட்டியது பரிமளா என்கிறார் ஒருவர். இல்லை, ஓட்டம் இன்னாருடையது என்கிறார் இன்னொருவர். நான் டிவிக்கு மிக அருகில் இருந்தவன். மூச்சு வாங்காமல் ஓடும் ஒரு பெண்ணைச் சுற்றி எதிரணிக்காரிகள், அவள் இல்லாத இடத்தில் ஆள் நிற்பதாக நினைத்து விலகி விலகிப் போனதைப் பார்த்தேன். ஒருத்தி யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். புள்ளிகள் நெருங்கின. கடைசி நிமிஷத்தில் இனியா வடக்கு வளையத்தின் கீழே போய் எம்பினாள். எதிரணிப் பெண் மோதினாள். இருவரும் விழுந்தார்கள், விசில் ஊதியது.

கேமராவுக்கு முன்னால் கேலரி எழுந்து நின்றுவிட்டது, முதுகுகள்தான் தெரிந்தன. செல்வம் தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு முட்டியையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். முதுகுகள் விலகின. அவர் மூடிய கண்ணோடு கேட்டார்: "எந்த முட்டின்னு மட்டும் சொல்லுங்க சார், ஸ்கோர் அப்புறம் கேட்டுக்கிறேன்."

அட்மின் வேலையின் சாரமே இவ்வளவுதான்: "ரெண்டும் இல்லை செல்வம், எந்திரிச்சு ஃப்ரீ த்ரோ போடப் போறா" என்பதை உடனே சொல்லிவிடுவது, பிறந்ததிலிருந்து வலது கைக்காரியான அந்தப் பெண் பந்தை எந்தக் கையில் ஏந்தி நின்றாள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது.